டயருக்குத் தனி வாரண்டி

எங்கள் மூன்று பேருக்கும் மூளை கொஞ்சம் குறைவு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொன்ன ஒருவரைப் பிடித்து நிறுத்தி, எதை வைத்துச் சொல்கிறீர் என்று கேட்டோம். அவரும் பொறுமையாகக் காரணங்களைச் சொன்னார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆகவே அந்தப் பேச்சில் உண்மை இல்லை என்று முடிவு செய்து வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மூன்று பேர் என்றால் நான், என் மனைவியின் அண்ணன் பலவேசம், அவள் தம்பி குத்தாலிங்கம். தென்காசிப் பக்கத்தில் சேர்ந்து தேங்காய் மண்டி நடத்துகிறோம். பலவேசம் மச்சானின் மகள் செண்பகவல்லிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது சம்பந்தி வீட்டார் நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்கு நல்ல காராக இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்கள். வாடகைக் காரில் மாப்பிள்ளையை ஏற்றினால் நம் கௌரவம் என்ன ஆவது? புதுக் காரே வருகிறது என்று மச்சான் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

திருநெல்வேலி ஷோரூமில் எங்களுக்குக் காரை ஒப்படைத்தவர் ஜெனிஃபர் என்ற பெண். மிகவும் பொறுமைசாலி. அதாவது, நாங்கள் போவதற்கு முன்னால்.

"சார், காருக்கு வாரண்டி எங்க கம்பெனி தரும். டயருக்கு மட்டும் டயர் கம்பெனிதான் தரும். அது தனி" என்றார்.

மச்சானின் முகம் சுருங்கியது. "அப்ப டயர் இந்தக் காரோடது இல்லையாம்மா?"

"இந்தக் காரோடதுதான் சார். செஞ்சவங்க வேற."

"அடுத்தவன் டயர்ல நம்ம காரு நிக்குது" என்று குத்தாலிங்கம் என் காதில் சொன்னான். "வந்து கேட்டான்னா கழட்டிக் குடுக்கணும் போல அத்தான்."

ஜெனிஃபர் தொடர்ந்தார். "டயர் செஞ்சதுல குறை இருந்தா அவங்க பாத்துக் குடுப்பாங்க. ஓடித் தேய்ஞ்சா ஒண்ணும் கிடைக்காது. வாரம் ஒருக்க காத்துப் பாருங்க. முக்கியமா, எந்த வேலையும் வெளியில குடுத்துராதீங்க. வாரண்டி போயிரும்."

புத்திமதி மூன்று, நாங்களும் மூன்று பேர். ஆளுக்கொன்றாக மனப்பாடம் செய்துகொண்டோம். தேயாமல் பார்ப்பது குத்தாலிங்கம். காற்றுப் பார்ப்பது மச்சான். வெளியில் கொடுக்காமல் இருப்பது நான். எல்லாவற்றையும் ஒரே தலையில் ஏற்றினால் தலை தாங்க வேண்டுமே.

மறுநாள் காலை காரில் குற்றாலம் போய்க் குளித்தோம். திரும்பக் கிளம்பும்போது குத்தாலிங்கம் யோசனையில் ஆழ்ந்தான்.

"அத்தான், முன்னால ஓட்டினா டயர் தேயுது, சரியா?"

"சரி."

"அப்ப பின்னால ஓட்டினா?"

மச்சான்தான் தீர்ப்புச் சொன்னார். "தேஞ்சது திரும்ப வரணும். அதுதான் முறை."

ஆகவே வந்த வழியே ரிவர்ஸில் வீடு திரும்பினோம். ஓட்டியது நான். கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. எதிரே வந்த பஸ்காரர்கள் சொன்னதையெல்லாம் நான் எழுத முடியாது. வீட்டு வாசலில் குத்தாலிங்கம் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தான். "நல்லா முள்ளு முள்ளா குத்துது அத்தான். தேஞ்சது பூரா வந்துட்டு" என்றான். கழுத்துவலி அந்த நிமிஷமே பாதி குறைந்துவிட்டது.

மாப்பிள்ளை அழைப்பு அன்று காலையில் மச்சானுக்குத் தன் கடமை ஞாபகம் வந்தது. காற்றுப் பார்க்கும் முறை அன்றைக்குத்தான். மண்டபத்து வாசலில் காரை நிறுத்தி, முன் டயரின் மூடியைத் திருகி, ஆணியால் அழுத்தினார். உஸ்ஸென்று காற்று வந்தது. மூன்று பேரும் முகத்தை நீட்டி வாங்கிக்கொண்டோம்.

"எப்படி இருக்கு?" என்றார் மச்சான்.

"குளுகுளுன்னு இருக்கு. ஷோரூம்ல ஏசி போட்டிருந்தாங்கல்லா, அந்தக் காத்து" என்றேன்.

"நாலுலயும் இதே காத்துதானா, ஒண்ணுல மட்டும் நல்லதா அடைச்சிட்டு மத்ததுல ஏமாத்திட்டானுவளா?" என்று குத்தாலிங்கத்துக்குச் சந்தேகம்.

நாலையும் பார்த்தோம். ஒரே தரம். எங்களுக்குப் பெரிய நிம்மதி. அப்போது என் மனைவி உலகம்மாள் பூக்கூடையோடு வந்தாள். தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்த காரைப் பார்த்தாள்.

"என்ன செய்யுதிய?"

"காத்துப் பாத்தோம்."

"பாத்தாச்சா?"

"நல்ல காத்து" என்றார் மச்சான்.

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். "சாயங்காலம் மாப்பிள்ளை எதுலண்ணே வருவாரு? சம்பந்தி வீட்டுல போயி, காத்து நல்லா இருந்துச்சுன்னு சொல்லவா?"

அப்போதுதான் மச்சானுக்கு உறைத்தது. எல்லார் முன்னாலும் கொடுத்த வாக்கு. உள்ளே ஒரே மகள் கைநிறைய மருதாணியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

உலகம்மாளே போய் எதிர்சாரி பஞ்சர் கடை மரியதாஸைக் கூட்டிவந்தாள். அவர் காற்றடிக்கும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து குனிந்தார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, தொடாதீங்க! வெளியில வேலை குடுக்கக்கூடாது. வாரண்டி போயிரும்."

"வேலையா? காத்துதானே அடிக்கப் போறேன்?"

"வெளியில அடிக்கக்கூடாது."

மரியதாஸ் சலிப்போடு, "அப்ப உள்ள கொண்டு போயா அடிக்க முடியும்?" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பின்னால் திரும்பி மண்டபத்தைப் பார்த்தோம். வாசல் விசாலமானது. இரண்டே படி.

பந்தல்காரரின் பலகைகளைச் சாய்த்துப் போட்டு, பந்திக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்களையும் அழைத்து, காற்றில்லாத காரைத் தள்ளி உள்ளே ஏற்றினோம். ஒரு டயர் படியின் விளிம்பில் கர்ரென்று உரசியது. மணமேடைக்கு நேர் எதிரே காரை நிறுத்தினோம். "இப்ப அடிங்க அண்ணாச்சி" என்றேன். மரியதாஸ் நாலுக்கும் அடித்தார். காசும் வாங்கவில்லை. இந்தக் கதையை வீட்டில் சொல்லிக்கொள்கிறேன், அது போதும் என்றார்.

சாயங்காலம் காரை வெளியே எடுக்கலாம் என்று போனால், வாசலில் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை கட்டி, குறுக்கே தோரணமும் ஏற்றிவிட்டார்கள். கட்டிய வாழையைக் கல்யாணம் முடியாமல் அவிழ்க்கக்கூடாது என்று பெரியவர்கள் கூடி நின்று மறித்தார்கள். தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் மேளம் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை மாலையோடு காருக்காகக் காத்திருக்கிறார்.

மச்சான் ஒரு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "மானம் போச்சு மாப்ள" என்று என்னிடம் சொன்னபோது அவர் கண்ணில் நீர் நின்றது.

குத்தாலிங்கம் நெற்றியைத் தேய்த்தான். "அண்ணே, மாப்பிள்ளையைக் கார்ல ஏத்தி எங்க கொண்டு வரணும்?"

"மண்டபத்துக்கு."

"காரு எங்க இருக்கு?"

"மண்டபத்துல."

"அப்ப காரு வந்து சேந்துட்டு. மாப்பிள்ளைதான் பாக்கி."

மச்சான் எழுந்து தம்பியைக் கட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளையை நடத்தியே கூட்டிவந்தோம். மண்டபத்துக்குள் வந்ததும் காரின் ஒரு கதவைத் திறந்து ஏற்றினோம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை ஹாரன் அடித்தேன். நாதஸ்வரக்காரர் காரைச் சுற்றி வந்து வாசித்தார். பிறகு மறு கதவைத் திறந்து மாப்பிள்ளையை இறக்கி ஆரத்தி எடுத்தோம். சம்பந்தி காரையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "பிரயாணம் சௌகரியமா இருந்துச்சாப்பா?" என்று மகனிடம் கேட்டார். "குலுங்கவே இல்லப்பா" என்றார் மாப்பிள்ளை. செண்பகவல்லிக்குப் பொருத்தமான இடம்தான் அமைந்திருக்கிறது என்று எங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கல்யாணம் முடிந்து முதல் சர்வீஸுக்குப் போனோம். ஜெனிஃபர் பில்லைக் காட்டினார். "லேபர் ஃப்ரீ சார். ஆயில், ஃபில்டர், வீல் அலைன்மெண்ட் இதுக்கு மட்டும்தான் காசு."

மச்சான் உள்ளே எட்டிப் பார்த்தார். நீலச் சட்டைக்காரர்கள் நாலைந்து பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். "ஃப்ரீயா இருக்கிற மாதிரி தெரியலையேம்மா. ரெண்டு பேரை அனுப்பினா மண்டியில தேங்காய் உரிக்க ஆகும். சாயங்காலம் கொண்டுவந்து விட்டிருதோம்."

"அவங்களை எங்கயும் கூட்டிட்டுப் போக முடியாது சார். கூலி வாங்க மாட்டோம்னு அர்த்தம்."

"கூலியும் இல்லாமயா வேலை பாக்குதாங்க?" மச்சானுக்கு மனசு தாங்கவில்லை. உள்ளே போய் ஆளுக்கு ஒரு தேங்காய் கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகு படியில் உரசிய டயரைக் காட்டினோம். பக்கவாட்டில் நீளமாக ஒரு வெட்டு.

"எங்க சார் போகும்போது இப்படி ஆச்சு?"

"எங்கயும் போகலம்மா. மண்டபத்துக்குள்ளதான் இருந்துச்சு" என்றேன்.

ஜெனிஃபர் டயர் கம்பெனி ஆளை வரவழைத்தார். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, காற்றில்லாமல் தள்ளியதால் வந்த வெட்டு, தயாரிப்பில் குறையில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"ஸாரி சார். இந்த டயர் வாரண்டியில கவர் ஆகாது. காசு குடுத்துப் புதுசுதான் போடணும்" என்றார் ஜெனிஃபர்.

புதிது போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஆலங்குளம் தாண்டியதும் மச்சான் கேட்டார். "இத முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"எத மச்சான்?"

"கவர் இல்லைன்னுதான் குடுக்க மாட்டேங்காங்க."

அன்றைக்கே பஜாரில் டெய்லர் வன்னியராஜிடம் போனோம். அவர் டேப்பைச் சுற்றி நாலு சக்கரத்துக்கும் அளவெடுத்தார். நல்ல கெட்டித் துணி, ஓரத்தில் மடிப்பு, உள்ளே நாடா. வாரக் கடைசியில் மாட்டிக்கொண்டு நேரே ஷோரூமுக்கு ஓட்டிப் போனோம்.

"இப்ப நாலும் கவர் ஆயிட்டும்மா" என்றார் மச்சான்.

ஜெனிஃபர் உள்ளே போய் மேனேஜரை அழைத்து வந்தார். மேனேஜர் காரை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"நாலும் சரி. டிக்கியில இருக்கிற ஸ்டெப்னிக்கு எங்க சார் கவர்?" என்றார்.

நாங்கள் வெட்கத்தில் தலைகுனிந்தோம். படித்தவர்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. திரும்பும் வழியிலேயே வன்னியராஜ் கடையில் இறங்கி அதற்கும் அளவு கொடுத்தோம். அதற்கு மட்டும் ஒரு பாக்கெட்டும் வைக்கச் சொல்லியிருக்கிறோம். வாரண்டி கிடைத்தால் பத்திரமாக வைக்க ஓர் இடம் வேண்டும் அல்லவா?