செம்மல் பட்டம்

பொன்னாடையைச் சுருட்டி ஆசிரமத்து அம்மையின் முன்னால் எறிந்தார் குலசேகரன்.

"இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பட்டத்தையும் சேர்த்து."

நேற்று மாலைதான் ஆசிரமத்தில் அவருக்குப் பாராட்டு நடந்தது. 'ஞானச் செம்மல்' என்று வாசித்தார்கள், கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள், அவர் நடத்திவந்த பாடல் வகுப்பை இனி மரகதம் நடத்துவாள் என்று அம்மை அறிவித்துவிட்டார். மரகதம் அவரிடமே படித்தவள். இரவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர், காலையில் அவள் முதல் வகுப்பை முடித்ததும் நேரே இங்கே வந்துவிட்டார்.

அம்மைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் குரு. கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்ற பிறகு அவரைத் தேடி வந்தவர் குலசேகரன்.

"பழந்தமிழில் வாடி விழுந்த பூவுக்குப் பெயர் செம்மல். மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

"தெரிந்துதான் கொடுத்தேன்."

கூட்டித் தள்ளுவதற்கு மேடை எதற்கு, துடைப்பம் போதாதா என்று குலசேகரன் கேட்டார். அம்மை கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் கோபம்தான், குரல் மட்டும் ஏறவில்லை.

"பூ எப்படி ஐயா வாடுகிறது?"

"எனக்கே பாடமா?"

"எனக்குத் தெரியாது. சொல்லுங்கள்."

எரிச்சலோடுதான் சொன்னார். தண்ணீர் இல்லாமல் வாடுவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். வேரில் குடம் குடமாக ஊற்றினாலும் இதழ் வாடும். சூல் பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் இதழின் செல் தன்னைத் தானே பிரிக்கத் தொடங்கும். புரதம், கொழுப்பு, தன் சுவர்கள் என்று ஒவ்வொன்றாகக் கரைத்துச் சர்க்கரையாகவும் சத்தாகவும் காம்பு வழியே பிஞ்சுக்கு அனுப்பும். செல்லுக்குள் ஒரு நீர்ப்பை உண்டு. அது உடைந்தால் மிச்சமும் கரைந்து செல் செத்துவிடும்.

"பை எப்போது உடையும்?"

"கடைசியில்."

"அனுப்புவதற்கு முன்பே உடைந்தால்?"

"அது வாடல் இல்லை," என்றார் வெடுக்கென்று. "அழுகல்."

அம்மை பொன்னாடையை எடுத்து மடித்தார்.

"காலையில் கடைசிப் பாட்டுக்குப் பொருள் கேட்டார்கள். மரகதம் திணறினாள். உங்களுக்கு முன் வகுப்பு நடத்தி மறைந்த பெரியவர் அதை உங்களுக்கு மட்டும்தான் சொல்லிவைத்திருந்தார். இத்தனை வருடத்தில் நீங்கள் அவளுக்குச் சொல்லவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்தீர்கள்."

மடித்த பொன்னாடையை அம்மை தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"செம்மல் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், ஐயா. இது இங்கேயே இருக்கட்டும்."

வகுப்பறையில் மரகதம் கடைசிப் பாட்டில் புத்தகத்தை விரித்தபடி தனியாக உட்கார்ந்திருந்தாள். குலசேகரன் உள்ளே போய் எதிரில் பாயில் உட்கார்ந்தார். மின்விசிறிக் காற்றில் பக்கம் புரண்டது. அதன் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டார்.