மாடத்தி மறைத்த வியாதி

தூத்துக்குடியில் மீன் விற்கும் மாடத்திக்கு வாய் கொஞ்சம் நீளம். அவளுடைய மூட்டுவலிச் செலவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்ததும், நேராக ஆபீசுக்கே போய்விட்டாள்.

"என் பாலிசிய ரத்து பண்ணுங்க சார்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "நினைச்சதும் ரத்து பண்ண இது என்ன மீன் வியாபாரமா? தகுந்த காரணம் வேணும்."

"பழைய வியாதிய மறைச்சு பாலிசி எடுத்தா என்ன பண்ணுவீய?"

"அந்த நிமிஷமே ரத்துதான்!" என்று மேசையைத் தட்டினார்.

"அப்ப எனக்கு ஒண்ணு இருக்கு சார். பாலிசி எடுக்கும்போதே இருந்துச்சு. மறைச்சிட்டேன்."

"என்ன வியாதி?"

"உங்க கம்பெனிய நம்பாத வியாதி."

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் காத்திருந்த பாலிசிதாரர்களிடமிருந்து ஒரு குரல் வந்தது: "சார், இது தொத்துவியாதி போல. எங்க எல்லாருக்கும் இருக்கு!"