குண்டம்மா வாயை மூடிக்கொண்ட கதை

மிக்சிக்கும் கிரைண்டருக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில் ரிப்பேர் என்பது ஒரு செலவே இல்லை. எந்திரமே சொல்லிவிடும். "பின்னாடி ஒரு திருகாணி லூசுங்க, கொஞ்சம் முறுக்கி விடுங்க" என்று ஃபிரிட்ஜ் கேட்கும். முறுக்கிவிட்டு, ஒரு டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு ரிப்பேர்காரர் சென்னியப்பன் அடுத்த வீட்டுக்குப் போவார். ஊரெல்லாம் காப்பி குடித்துத் தூக்கம் கெட்டதுதான் அவருக்கு மிச்சம்.

அந்த ஊரில் துளசிமணி இட்லி மாவு ஆட்டி விற்றுப் பிழைத்தாள். அவளுக்கு இரண்டு சொத்து. ஒன்று, குண்டம்மா என்கிற கிரைண்டர். இன்னொன்று, அவள் தொண்டை. குக்கர் மாதிரி விசிலடிப்பாள், பக்கத்து வீட்டு மிக்சி மாதிரி இருமுவாள். ஒருமுறை ஊர்த்தலைவரான மணியகாரர் குரலில் செருமி, மணியகாரர் வீட்டு நாயையே எழுந்து நிற்க வைத்தவள். குண்டம்மாவோ நேர் எதிர். பொய் என்றால் அதற்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஊருக்கு மணியகாரர் நாச்சிமுத்து. புது எந்திரம் விற்கும் கடையும் அவருடையதுதான். பழசெல்லாம் காப்பிச் செலவில் பிழைத்துக்கொண்டிருந்தால் புதுசை யார் வாங்குவார்கள்? ஒரு நாள் தமுக்கடிக்கச் சொன்னார்: நோய் இருக்கிறது என்று எந்த எந்திரம் தன் வாயால் சொல்கிறதோ, அது உருக்காலைக்குப் போகும்.

மறுநாள் காலையில் மாட்டுவண்டியோடு அவரே கிளம்பிவிட்டார். "உடம்பு எப்புடி இருக்குது கண்ணு?" என்று வீடு வீடாகத் தேனொழுகக் கேட்டார். எந்திரங்களுக்கு மறைக்கத் தெரியாது.

"நாள் பூரா தலை சுத்துதுங்க" என்றது மின்விசிறி.

"உடம்பெல்லாம் காச்சலுங்க" என்றது இஸ்திரிப் பெட்டி.

"வயித்தைக் கலக்கிட்டே இருக்குதுங்க" என்றது வாஷிங் மெஷின்.

"குளிரு..." என்று ஃபிரிட்ஜ் ஆரம்பிக்கும்போதே வண்டியில் ஏற்றியாகிவிட்டது.

துளசிமணி சந்து வழியே ஓடிவந்து கதவைச் சாத்தினாள்.

"குண்டம்மா, உனக்கு நோவு ஏதாச்சும் இருக்குதா?"

"இருக்குதுங்கக்கா. உள்ளுக்குள்ள பாத்தீங்கன்னா..."

துளசிமணி சட்டென்று அதன் வாயைப் பொத்தினாள். "சொல்லாத. எங்கிட்டச் சொல்லிப் பழகினா அவருகிட்டயும் வாய் தவறிரும். உன்னை உருக்கிருவாங்க. உன்னைய உட்டா எனக்கு யாரு இருக்கறா?"

"எனக்குப் பொய் வராதுங்களே."

"பொய்யை நான் சொல்லிக்கறேன் சாமி. நீ வாயை மட்டும் மூடிக்க."

கதவு தட்டப்பட்டது.

"என்ன அம்மிணி, பட்டப்பகல்ல கதவைச் சாத்தியிருக்கற?"

"மாவுல ஈ உழுந்துருமுங்க" என்று வழிவிட்டவள், அரிசி களைவதுபோல் அண்டாவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள்.

மணியகாரர் கிரைண்டரிடம் குனிந்தார். "உடம்பு எப்புடி கண்ணு?"

"குத்துக்கல்லாட்டம் இருக்கேனுங்க" என்றது குண்டம்மாவின் குரல். கரகரப்பு, இழுப்பு, கடைசியில் வரும் சின்ன விக்கல், எதுவும் பாக்கி இல்லை. குண்டம்மாவே ஒரு கணம் தான்தான் பேசிவிட்டோமோ என்று திகைத்துப்போனது.

"சத்தம் அண்டாவுல இருந்து வந்தாப்புல இருக்குதே?"

"எதிரொலிங்க" என்று நிமிர்ந்தாள் துளசிமணி.

மணியகாரர் காதைக் குடைந்துகொண்டார். "அப்ப ஒரு ஈடு ஆட்டிக் காட்டச் சொல்லு, பாக்கலாம்."

துளசிமணி அரிசியை அள்ளினாள். அவள் தொண்டை எந்தக் குரலும் பேசும், மாவு ஆட்டாது. அரிசியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள்.

குண்டம்மா சுற்றியது. உள்ளே என்னவோ இழை இழையாக அறுந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் தொண்டை வரை வந்தது; வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு சுற்றியது. மாவு நுரைத்துப் பொங்கியது. மணியகாரர் விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். குறை சொல்ல ஒரு குறுணைகூட அகப்படவில்லை. எழுந்து போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும், "கர்ர்ர்... டடக்... கீச்." குண்டம்மா நின்றுவிட்டது.

வெளியே வண்டியில் இருந்த எந்திரங்கள் துளசிமணி வீட்டு ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்திருந்தன. வாயை மூடினால் பிழைக்கலாம் என்ற சேதி ஒரு நொடியில் ஊருக்குள் பரவியது. அதற்கப்புறம் எந்த வீட்டில் கேட்டும் பதில் இல்லை. வண்டியில் இருந்தவையும் கப்சிப். "முன்னாடி சொன்னதுக்குச் சாட்சி யாருங்க? நோவுன்னு அதுக வாயால இப்பச் சொல்லச் சொல்லுங்க மணியகாரரே" என்று ஊரே வண்டியை மறித்தது. அவர் போட்ட உத்தரவு அவர் காலையே கட்டிவிட்டது. ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுப் போனார்.

சாயங்காலம் சென்னியப்பன் வந்தார். "எங்க வலிக்குது குண்டம்மா?"

குண்டம்மா வாயை இறுக்கிக்கொண்டது.

"அவரு போயிட்டாரு சாமி, இனிச் சொல்லு" என்று துளசிமணி கெஞ்சினாள். வாய் திறந்தால் பிரித்துவிடுவார்கள் என்ற பயம் குண்டம்மாவின் கல்லுக்குள் இறங்கிவிட்டது. அது திறக்கவே இல்லை.

சென்னியப்பன் தலையைச் சொறிந்தார். "இத்தனை நாளா அதுவே சொல்லுச்சு, நான் செஞ்சேன். இனி முச்சூடும் கழட்டி நானில்ல தேடோணும்? தேடறதுக்கு ஒரு கூலி, செய்யறதுக்கு ஒரு கூலிங்க அம்மிணி. காப்பி கட்டுப்படியாகாது. அந்தக் காசுக்குப் புதுசே வாங்கிரலாம்."

"புதுசு எனக்காக வலியை முழுங்குமாங்க? கேக்கறதைத் தர்றேன், தேடுங்க."

"நிக்கறப்ப சத்தம் எப்புடி வந்துது?"

துளசிமணி மூச்சை இழுத்தாள். "கர்ர்ர்... டடக்... கீச்."

அச்சு அசல். சென்னியப்பன் திருப்புளியை எடுத்தார்.

அன்று முதல்தான் ரிப்பேர்காரர் வாசலில் செருப்பைக் கழற்றியதும் எந்திரங்கள் நல்ல பிள்ளையாக ஓடுகின்றன, அவர் தெருமுனை திரும்பியதும் நின்றுவிடுகின்றன. நாமும் போனில் கூச்சமில்லாமல் "கர்ர்ர், டடக்" என்று கத்துகிறோம், வந்து பார்ப்பதற்கே ஒரு கூலி கொடுக்கிறோம். "இந்தக் காசுக்குப் புதுசே வாங்கிரலாம்" என்று அவர் சொல்லும்போதெல்லாம், மூலையில் நிற்கும் பழைய எந்திரம் மூச்சுக்கூட விடாமல் நம் பதிலுக்காகக் காத்திருக்கிறது.