வலிக்காத தோள்

ஓய்வுபெற்ற தாசில்தார் மருதப்பன், பூரணி அம்மையாரின் மடத்தில் சேர்ந்து ஆறு வருடம். குருவைவிடப் பதினைந்து வயது மூத்த சீடர். கும்பிடும்போது கை மார்பைத் தாண்டாது. உத்தியோகப் பழக்கம், என்ன செய்வது!

ஒரு பௌர்ணமி அன்னதானத்தன்று அடுப்பருகே குந்தி உட்கார்ந்து வடையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் சட்டி சரிந்து அவருடைய வலது தோளிலும் மேல்கையிலும் கொட்டியது.

ஒருவர் பற்பசையோடு ஓடிவந்தார், இன்னொருவர் மைப்புட்டியோடு. அம்மையார் இருவரையும் விரட்டினார். சீடரைக் குழாயடியில் உட்காரவைத்து இருபது நிமிடம் தண்ணீர் விட்டார். சுத்தமான வேட்டியால் மூடினார்.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"எதுக்கும்மா? தோள்ல வலியே இல்லை." மருதப்பன் முகத்தில் பூரிப்பு தாங்கவில்லை. "உடம்பு வேற, நான் வேறன்னு நீங்க சொன்னது இன்னிக்குத்தான் பிடிபட்டுது."

முழங்கைக்குக் கீழே இரண்டு சொட்டுத் தெறித்துச் சிவந்திருந்தது. அம்மையார் அங்கே விரலை வைத்தார்.

"ஐயோ!"

"யார் கத்தினது?"

"அது... அங்க லேசாத்தான் பட்டிருக்கு."

"அப்போ ஞானம் தோள்ல மட்டுந்தான் வந்திருக்கா? ஆட்டோவுல ஏறுங்க."

வெளுத்து விறைத்திருந்த தோளை டாக்டர் பார்த்தார்.

"ஆழமா வெந்திருக்கு ஐயா. நரம்பும் சேர்ந்து கருகிப்போச்சு, அதான் வலிக்கலை. தொடையிலேர்ந்து தோல் எடுத்து வைக்கணும். புண் ஆறினதும் தினமும் ரெண்டு கையையும் தலைக்கு மேல கொண்டுபோய்ச் சேர்க்கணும். விட்டா அக்குள் இறுகிப்போய் கை எழும்பவே எழும்பாது."

மருதப்பன் வாடிப்போனார். கை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். வந்த ஞானம் இப்படியா போகவேண்டும் என்ற துக்கம் மறுபக்கம்.

வைத்த தோல் பிடித்துக்கொண்டது. மூன்றாம் மாதம் தோளுக்கு வலியும் வந்து சேர்ந்தது. தினமும் காலையில் அம்மையார் அவர் எதிரே வந்து நிற்பார்.

"இன்னும் மேலே."

கை காதுவரை போய் அடம்பிடிக்கும்.

"நாளைக்குப் பார்க்கலாமே அம்மா?"

"இன்னும் மேலே."

ஒருநாள் காலை இரண்டு உள்ளங்கைகளும் உச்சந்தலைக்கு மேல் ஒன்றையொன்று தொட்டன. மருதப்பனுக்குக் கண்ணில் நீர் கொட்டியது.

"அம்மா, உயிர் போகுதே! காப்பாத்துங்க!"

அம்மையார் பதிலுக்குக் கைகூப்பினார்.

"ஆறு வருஷத்துல இன்னிக்குத்தான் ஒழுங்காக் கும்பிட்டிருக்கீங்க."