தெர்மோகோல் சுரங்கம்

எழுபத்தொன்று எண்ணும்போது இன்பராஜின் தலையில் மண் விழுந்தது.

மண் விழ அவன் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. அவன் கட்டிய சுரங்கம் அது. எங்கே என்ன அலறும், எங்கே என்ன பாயும், எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

எழுபத்திரண்டு.

காலையில்தான் சபீனாவிடம் போய்ப் புலம்பியிருந்தான். பதினோரு பொழுதுபோக்குப் பூங்கா கட்டியவள். அவனைவிட எட்டு வயது சின்னவள். ஆனாலும் சினிமா செட் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அவள் சரியென்றால் பூங்காவில் இந்தப் பயமுறுத்தும் சுரங்கம் திறக்கும். இல்லையென்றால் பிரித்துப் போட்டுவிடுவார்கள். இரண்டு வருட உழைப்பு.

"எலும்புக்கூடு வச்சேன், புகை வச்சேன், அலறல் வச்சேன். நேத்து ட்ரயல் பாக்க வந்த காலேஜ் பசங்க எலும்புக்கூடு தோள்ல கையப் போட்டு, மச்சான் சாப்டியான்னு கேக்குறானுங்க. மலைக்கு அடியில மாட்டிக்கிட்டோம்னு ஒருத்தனும் நம்பல. அவங்க உள்ள மூழ்கணும்னா இன்னும் என்னதான் மேடம் வைக்கணும்?"

"உள்ள போய் உக்காருங்க. நூறு எண்ணுங்க."

"நானா? அது நான் ஒட்டுன தெர்மோகோல். மேல வெறும் தகரக் கூரை."

"பயமா இருந்தா சுவரத் தட்டுங்க. டொக்குன்னு தெர்மோகோல் சத்தம் கேக்கும். எந்திரிச்சு வந்துரலாம்."

சிரித்துக்கொண்டேதான் போனான். மூன்றாவது வளைவில் உட்கார்ந்தான்.

அவள் மெயின் சுவிட்சை அணைத்தாள்.

விளக்கு போனது. அலறல் நின்றது. இத்தனை நாளும் பின்னால் ஓடிக்கொண்டிருந்த, அவன் காதே மறந்துபோயிருந்த ஏசி இரைச்சலும் நின்றது.

யாரையாவது அனுப்பிப் பயமுறுத்துவாள் என்று காத்திருந்தான். ஒருத்தரும் வரவில்லை. வந்திருந்தால் சிரித்திருப்பான்.

எண்பது.

வெக்கை ஏறியது. ஈரமண் வாடை. பசையில் குழைத்து அவனே பூசிய மண். பசை காஞ்சு உதிருது, அவ்வளவுதான். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான்.

எண்பத்தாறு. மறுபடி விழுந்தது. இந்தத் தடவை கழுத்துக்குள்.

வெளியே போகிற வழி இடதா, வலதா? வரைபடம் போட்டவன் அவன்தான்.

எண்பத்தெட்டுக்கு அப்புறம் என்ன வரும் என்றே மறந்துபோனது.

எங்கிருந்தோ சபீனாவின் குரல் கேட்டது.

"சுவரத் தட்டுங்க, இன்பராஜ்."

கையைத் தூக்கினான். விரல் சுவரைத் தொடப்போகிற நேரம் அப்படியே நின்றுவிட்டது.

மெதுவாக, மிக மெதுவாக, கையை மடிக்கு இறக்கினான். மூச்சைக்கூடப் பெரிதாக விடவில்லை.

தட்டினால் மலை இறங்கிவிடும்.