உள்கோட்டில் ஓடியவள்

“இன்னும் ஒரே ஒரு ரேஸ் ஓடணும்,” என்றாள் அமலோற்பவம். “நீதான் என்னைத் தயார் பண்ணணும்.”

கேட்டது நியாயமான ஆசைதான். கேட்ட இடம்தான் வேடிக்கை.

எண்ணூறு மீட்டரில் அமலோற்பவம் தங்கம் வாங்கிய மேடைகளில் எல்லாம் பக்கத்தில் வெள்ளியோடு நின்றவள் தெய்வானை. இப்போது திருச்சிக்கு வெளியே ஒரு செம்மண் மைதானத்தில் பெண்களுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கிறாள். குரு என்றதும் தாடியும் கமண்டலமும் தேட வேண்டாம். கழுத்தில் ஒரு விசில், தலையில் வெயிலுக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான்.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“ஓடக் கூடாதுன்னார். குதிகால் நரம்பு இன்னொரு தடவை அறுந்தா, அப்புறம் காலத்துக்கும் கம்பு ஊனித்தான் நடக்கணுமாம்.”

“தெரிஞ்சுமா ஓடணும்கிற?”

“தூக்கத்துல கூட கால் உதறுது தெய்வானை. வீட்டுல எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் என்னதான் பண்ணுறது?”

தெய்வானை விசிலைக் கழற்றிப் பையில் போட்டாள்.

“வா. முதல்ல ஒரு ரவுண்டு நடக்கலாம்.”

நடந்தார்கள்.

அமலோற்பவம் தன்னை அறியாமல் உள்கோட்டை ஒட்டிப் போனாள். பழக்கதோஷம். உள்கோட்டில் போகிறவளுக்குத் தூரம் குறைவு. அவளைத் தாண்ட நினைக்கிறவள்தான் வளைவில் வெளியே வந்து கூடுதலாக ஓட வேண்டும்.

தெய்வானை வெளியே, அவளுடைய வலது தோளுக்குச் சற்றுப் பின்னால் வந்தாள். அதுவும் பழக்கதோஷம்தான்.

“எதுக்கு ஏங்குற? மெடலுக்கா?”

“மெடலெல்லாம் பீரோவுல கிடக்கு. அது யாருக்கு வேணும்?”

“கைதட்டலா?”

அமலோற்பவம் தலையை ஆட்டிவிட்டு, முன்னால் கிடந்த தடத்தைக் கை காட்டினாள்.

“கடைசி வளைவு தாண்டினதும் முன்னால ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. வெறும் தடம் மட்டும் இருக்கும். அதை ஒரு தடவை பார்க்கணும். பார்த்துட்டா போதும், கால் போனாலும் போகட்டும்.”

“ஓ,” என்றாள் தெய்வானை. “நான் அதைப் பார்த்ததே இல்லை.”

அமலோற்பவத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. குத்திக்காட்டத்தான் கூட்டி வந்தாளா என்று கோபம் வந்தது. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“பின்ன நீ எதைத்தான் பார்த்தே?”

“உன் முதுகை.”

இரண்டு பேரும் வளைவுக்கு வந்திருந்தார்கள். தெய்வானை எட்டி வைத்து நடந்தாள்.

“சென்னை ஃபைனல்ல அழுதுக்கிட்டே ஓடினியே, அது ஏன்?”

அமலோற்பவம் நின்றுவிட்டாள்.

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லலை. தோள் குலுங்குச்சு. மூச்சு வாங்குறவ தோள் அப்படிக் குலுங்காது.”

அமலோற்பவம் உள்கோட்டின் சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பந்தயத்தைப் பற்றி அவள் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறாள். இதை மட்டும் பேசியதில்லை.

“முதல் நாள் ராத்திரிதான் சேதி வந்துச்சு. அம்மா போயிட்டாங்கன்னு. சொன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடலை.”

“அப்படி என்னமோ இருக்கும்னு நினைச்சேன்.”

“அன்னிக்கு நீ சுலபமா தாண்டியிருக்கலாமே.”

“விட்டுக்கொடுத்தேன்னு நினைச்சியா? உயிரைக் கொடுத்து ஓடினேன். முடியலை. அழுதுக்கிட்டே அந்த ஓட்டம் ஓடுறவளை எவ தாண்டுவா?”

அமலோற்பவத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அம்மாவுக்காக அன்றைக்கு அவள் அழுததைப் பார்த்தபடி ஒருத்தி கூடவே ஓடியிருக்கிறாள். அது தெரியாமலே இத்தனை வருஷம் போயிருக்கிறது.

ஒரு சுற்று முடிந்தது.

“இந்த ரவுண்டு நீ வெளியே வா,” என்றாள் தெய்வானை.

“ஏன்?”

தெய்வானை உள்கோட்டுக்குப் போய் நடக்கத் தொடங்கினாள்.

அமலோற்பவம் வலது பக்கம் வந்தாள். நேர்த்தடத்தில் ஒன்றும் தெரியவில்லை. வளைவு வந்ததும் அரை எட்டு பின்தங்கினாள். எட்டிப் போட்டும் ஈடுகொடுக்க முடியவில்லை. குதிகால் சுருக்கென்றது.

“மெதுவா போயேன்!”

“நான் எப்பவும் போல மெதுவாத்தான் போறேன்.”

அமலோற்பவம் நிமிர்ந்து பார்த்தாள்.

முன்னால் தெய்வானை போய்க்கொண்டிருந்தாள். முடி காதோரம் நரைத்திருந்தது. வெயில் வலது கன்னத்தில் விழுந்தது. அதில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம்.

ஒரே முகாமில் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரே ரயிலில் போயிருக்கிறார்கள். ஒரே மேடையில் தோளோடு தோள் நின்று படம் எடுத்திருக்கிறார்கள்.

“தெய்வானை, உனக்குக் கன்னத்துல மச்சம் இருக்கா?”

“இருக்கே.”

“எப்பத்திலேர்ந்து?”

“பிறந்ததுலேர்ந்து.”

வளைவு முடியும்வரை அமலோற்பவம் அந்த மச்சத்தைப் பார்த்தபடியே நடந்தாள்.

முடிவுக்கோட்டில் தெய்வானை நின்றாள். பையிலிருந்து விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“சரி, சொல்லு. எந்த ரேஸ், என்னிக்கு? இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்.”

அமலோற்பவம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு ரவுண்டு நடக்கலாமா?” என்றாள். “நீ உள்ளேயே வா.”