எட்டாள் பெருக்கி அஞ்சாள் வகுத்த கல்யாணம்

சொக்கட்டான்புதூர்க்காரர்களை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் முட்டாள்கள் என்று கேலி பேசுவார்கள். அதில் கொஞ்சமும் நியாயமில்லை. அந்த ஊர் ஜனங்களைப் போலச் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்களை வேறெங்கும் பார்க்க முடியாது. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். வந்த சிக்கலெல்லாம் சொன்னவர்களால் வந்ததுதான்.

அந்த ஊர் நாச்சிமுத்துவுக்கு ஒரே மகள், பெயர் துளசாத்தாள். எருக்கம்பாளையத்துத் தெய்வசிகாமணிக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். நாச்சிமுத்துவுக்கு இந்தச் சம்பந்தத்தில் இரண்டு விஷயம் ரொம்பப் பிடித்திருந்தது. ஒன்று, எருக்கம்பாளையம் ஐந்தே மைல். மகளைப் பார்க்க வேண்டுமென்று தோன்றினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். இரண்டு, மாப்பிள்ளை ஐந்தரை அடி உயரம். பரண்மேலிருந்து பானையை இறக்க மகள் ஏணி தேட வேண்டாம்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஊருக்குள் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து ஓர் அதிகாரி இறங்கினார். பிள்ளையார் கோயில் முன்னால் ஊரே கூடியது.

“பெரியோர்களே, தாய்மார்களே! இனிமேல் இந்த நாட்டில் அடி கிடையாது!” என்றார் அதிகாரி.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“படியும் கிடையாது!”

பிள்ளைகள் விசில் அடித்துக்கொண்டு எழுந்து ஓடியே போனார்கள். அடியும் கிடையாது, படியும் கிடையாது என்று அரசாங்கமே சொன்ன பிறகு அங்கே அவர்களுக்கு என்ன வேலை? நாச்சிமுத்துவின் பங்காளி சென்னியப்பன் சட்டத்துக்கு ரொம்பப் பயந்தவர். அவரும் எழுந்து வீட்டுக்குப் போய், கடப்பாரையால் வாசற்படி மூன்றையும் பெயர்த்துத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று முதல் அவர் வீட்டில் யார் உள்ளே போனாலும் குதித்துத்தான் ஏறினார்கள்.

அதிகாரி மீட்டர், லிட்டர், கிலோ என்று நீளமாகப் பேசினார். நாச்சிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அடி கிடையாது என்றதும் மாப்பிள்ளையின் ஞாபகம் வந்துவிட்டது. மெல்ல எழுந்தார்.

“ஏனுங்க சார், எங்க மாப்பிள்ளை அஞ்சரை அடிங்க. இனிமே அவரு எவ்வளவுங்க?”

அதிகாரி உள்ளங்கையில் விரலால் கணக்குப் போட்டார். “ஒன்று புள்ளி ஆறு எட்டு. ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே.”

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவேதான்.”

நாச்சிமுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஊர் மணியகாரர் அருணாசலம் ஜீப்பில் ஏறப்போன அதிகாரியை மறித்து, “சார், மைலைக் கிலோமீட்டரா மாத்தறதுக்கு என்னதான் வழி? அதையாச்சும் சொல்லிட்டுப் போங்க” என்று கேட்டார்.

அதிகாரிக்கு அவசரம். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே ஓங்கிச் சொன்னார்: “ரொம்பச் சுலபம்! எட்டால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சரியாய்ப் போச்சு!”

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

வீட்டுக்கு வந்த நாச்சிமுத்து சோற்றில் கை வைக்கவில்லை. மனைவி மாராத்தாள் என்னவென்று கேட்டபோது அழுதேவிட்டார். “நம்ம மாப்பிள்ளை ஒண்ணரையாப் போயிட்டாருடி!”

“அய்யோ சாமி! அஞ்சரை இருந்த மனுசன் ஒண்ணரையா? காய்ச்சலா?”

“காய்ச்சல் இல்ல. கவர்மெண்ட்டு.”

துளசாத்தாள் கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவளுக்குத் தெய்வசிகாமணியை மனசுக்குப் பிடித்துப் போயிருந்தது. “பரவால்லீங்கப்பா. தாலி கட்டறப்போ அவருக்கு ஒரு முக்காலி போட்டுக்கலாம்” என்றாள். அதைக் கேட்டதும் நாச்சிமுத்துவுக்கு இன்னும் அழுகை வந்தது.

மறுநாள் காலையில் அடுத்த இடி இறங்கியது. ஊர்க் கோடியில் ரோட்டோரம் ஒரு மைல்கல் உண்டு. ‘எருக்கம்பாளையம் 5’ என்று இருக்கும். அந்த வழியாகக் காட்டு வேலைக்குப் போன நாச்சிமுத்து தற்செயலாக அதைப் பார்த்தார். புது வெள்ளையடித்து, ‘எருக்கம்பாளையம் 8’ என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது.

அவர் காட்டுக்குப் போகவில்லை. மணியகாரர் வீட்டுக்கு ஓடினார்.

“மணியகாரருங்களே! எருக்கம்பாளையத்தைத் தள்ளி வெச்சுட்டாங்க! நேத்து அஞ்சு, இன்னிக்கு எட்டு!”

ஊர்ப் பெரியவர்கள் போய்க் கல்லைச் சுற்றி நின்றார்கள். ஆளாளுக்கு எட்டைத் தடவிப் பார்த்தார்கள்.

“ஊரு எப்புடிங்க நகரும்? நம்ம ஊருதான் பின்னால நகந்துருச்சோ என்னவோ” என்றார் சென்னியப்பன்.

இதைச் சும்மா விட்டுவிட முடியாது. மாராத்தாளின் தம்பி குப்புசாமியை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார்கள். அவன் ஊருக்குள் போய்ப் பிள்ளையாரைப் பார்த்தான், கிணற்றை எட்டிப் பார்த்தான், தன் வீட்டையும் பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“எல்லாம் வெச்சது வெச்ச எடத்துலதான் இருக்குதுங்க மச்சான்.”

“அப்ப அவங்க ஊருதான் போயிருச்சு” என்றார் சென்னியப்பன். “ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருக்கலாம்.”

மணியகாரர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அவர் யோசிக்கும்போது மீசை தானாக ஆடும். ஆடிக்கொண்டிருந்த மீசை சட்டென்று நின்றது.

“நாச்சிமுத்து, அந்தா தெரியுதே, மேக்கால ஒரு பனைமரம். எவ்வளவு உசரம்?”

“இங்கிருந்து பார்த்தா ஒரு சாண் இருக்குமுங்க.”

“பக்கத்துல போனா?”

“அண்ணாந்துதான் பார்க்கோணும்.”

“அவ்வளவுதான் விசயம்! தூரமாப் போனா எதுவும் சின்னதாப் போயிரும். எருக்கம்பாளையம் தூரமாப் போச்சு, அதனால மாப்பிள்ளை சின்னதாப் போயிட்டாரு. ஊரைக் கிட்டக் கொண்டாந்தா மாப்பிள்ளை தன்னால வளந்துருவாரு!”

நாச்சிமுத்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இப்படிப்பட்ட மூளை ஊருக்கு ஒன்று இருந்தால் போதும் என்று அவருக்குத் தோன்றியது.

“கொண்டார்றது எப்புடிங்க?” என்றான் குப்புசாமி.

“அதையுந்தான் அதிகாரி சொல்லிட்டுப் போனாரே. எட்டாள் பெருக்கி, அஞ்சாள் வகுக்கோணும்.”

எட்டு ஆள் பெருக்குவதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆளுக்கொரு சீமாறு எடுத்தால் ஆயிற்று. ஐந்து ஆள் வகுப்பதுதான் புரியவில்லை.

“தலையில வகுந்து சீவறோமே, அந்த வகுக்கறதுதான்” என்றார் சென்னியப்பன்.

“யாரு தலையிலண்ணா?” என்றார் நாச்சிமுத்து.

“ரோட்டுத் தலையிலதான்.”

“ரோட்டுக்கு ஏதுங்க மசிரு?”

எல்லாரும் ரோட்டைப் பார்த்தார்கள். வண்டித்தடம் இரண்டுக்கும் நடுவில், எருக்கம்பாளையம் வரைக்கும் புல் முளைத்து நீளமாக நின்றது. அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில் பெண்வீட்டார் கிளம்பினார்கள். முன்னால் எட்டுப் பேர் சீமாற்றோடு ரோட்டைப் பெருக்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் பின்னால் ஐந்து பேர் குனிந்து, சீப்பால் புல்லை இடம் வலமாக வகிடெடுத்துக்கொண்டே வந்தார்கள். மாராத்தாள் ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெயும் கொடுத்திருந்தாள். பெருக்கின புழுதியெல்லாம் பின்னால் வந்த வண்டிமேல் படிந்தது. வண்டிக்குள் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த துளசாத்தாள் கொஞ்ச தூரத்திலேயே செம்மண் பொம்மை மாதிரி ஆகிவிட்டாள்.

ஊர்க் கோடியில் நாச்சிமுத்து வண்டியை நிறுத்தச் சொன்னார்.

“மணியகாரருங்களே, ஊரு கிட்ட வருதா இல்லையான்னு நமக்கு எப்புடித் தெரியும்?”

“கல்லுதான் சொல்லும்.”

“கல்லு இங்கதானுங்க நிக்குது. நாம போயிருவமே?”

மறு பேச்சில்லாமல் கல்லைத் தோண்டி எடுத்து வண்டியில் ஏற்றினார்கள். துளசாத்தாளுக்குப் பக்கத்தில், எழுத்து தெரிகிறாற்போலச் சாய்த்து வைத்தார்கள்.

முதல் ஆலமரம் வந்ததும் நாச்சிமுத்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். எட்டு. ஓடைப் பாலம் வந்தது. எட்டு. சந்தைத்திடல் தாண்டியது. அப்போதும் எட்டு.

“இன்னும் நல்லாப் பெருக்குங்கப்பா!” என்று மணியகாரர் சத்தம் போட்டார். பெருக்கினார்கள். தேங்காயெண்ணெய் தீர்ந்துபோய் விளக்கெண்ணெய் வாங்கித் தடவி வகுத்தார்கள். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் கீழே இறங்கி, “என்னங்க நடக்குது?” என்று கேட்டார். “கிலோமீட்டராக்கிட்டு இருக்கறோம்” என்றார் நாச்சிமுத்து. அந்த மனிதர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

நாச்சிமுத்துவுக்குப் பயம் வந்துவிட்டது. வெயில் சாய்கிறது. கல்லில் எட்டு எட்டாகவே நிற்கிறது. காலையில் முகூர்த்தம். நாம் ஒரு அடி வைத்தால் அந்த ஊரும் ஒரு அடி தள்ளிப் போகிறதே, ஒரே மகளை எங்கே கொண்டுபோய் யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்று புலம்பிக்கொண்டே நடந்தார்.

அப்போது எதிரே மேளச் சத்தம் கேட்டது. தோரணம் கட்டின ஒரு ஊர் வந்தது. மாலையும் ஆரத்தித் தட்டுமாக ஒரு கூட்டம் நின்றது. முன்னால் நின்ற பெரியவர் கைகூப்பினார்.

“வாங்க சம்பந்தி, வாங்க! ஏன் இவ்வளவு நேரம்?”

நாச்சிமுத்து கல்லைப் பார்த்தார். எட்டு.

“மன்னிச்சுக்கோணுங்க. எங்க சம்பந்தி ஊருக்கு இன்னும் எட்டுக் கிலோமீட்டர் போகோணும். வழி விடுங்க.”

“சம்பந்தி, நாந்தாங்க! சுப்பராயன்!”

“அவரு மாதிரியேதான் இருக்கறீங்க” என்று நாச்சிமுத்து மரியாதையாக ஒப்புக்கொண்டார். “அவரைப் பார்த்தா விசாரிச்சதாச் சொல்றேன்.”

மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். பெருக்குகிறவர்கள் சுப்பராயனின் காலடியைப் பெருக்கி, அவரைச் சுற்றிக்கொண்டு மேலே போனார்கள். சுப்பராயன் பதறிப்போய் ஓடி மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். நாச்சிமுத்து வண்டிக்குள் தாவி ஏறிக் கல்லைக் கட்டிக்கொண்டார். அவர் கழுத்தில் போட வேண்டுமென்று சுப்பராயன் வீசின சாமந்தி மாலை, குறி தவறிக் கல்லின் கழுத்தில் விழுந்தது.

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். எட்டைக் காணவில்லை. எருக்கம்பாளையம் என்ற எழுத்து மட்டும் மாலைக்கு மேலே தெரிந்தது.

“எட்டு போயிருச்சு! ஊரு வந்துருச்சு!” என்று கூவிக்கொண்டே இறங்கி ஓடிச் சுப்பராயனைக் கட்டிக்கொண்டார். “சம்பந்தி! நீங்களா! இப்பத்தான் உங்களை மாதிரியே ஒருத்தரைப் பார்த்தேன்!”

“எங்க நம்ம மாப்பிள்ளை?” என்றார் மணியகாரர். தெருவின் மறுகோடியில், கல்யாண வீட்டு வாசலில் தெய்வசிகாமணி நின்றுகொண்டிருந்தான். நாச்சிமுத்து ஒரு கண்ணை மூடி, விரலை நீட்டி அளந்து பார்த்தார். அரைச் சாண்கூட இல்லை. அவர் கண்ணில் நீர் முட்டியது.

“கூப்புடுங்க அவரை, மெதுவா வரச் சொல்லுங்க” என்றார் மணியகாரர்.

தெய்வசிகாமணி வந்தான். ஒரு சாண் ஆனான். இரண்டு சாண் ஆனான்.

“வளர்றாரு மச்சான், வளர்றாரு!” என்று குப்புசாமி குதித்தான். சீமாற்றைத் தூக்கிப் பிடித்து எட்டாளும் கூச்சல் போட்டார்கள். வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது அவன் முழு ஐந்தரை அடி இருந்தான். இன்னும் ஒரு எட்டு எடுத்து வைக்கப் போனவனை நாச்சிமுத்து இரண்டு கையாலும் மறித்தார்.

“போதுமுங்க மாப்பிள்ளை! இதுக்கு மேல வளர்ந்தா நிலைவாசல்ல தலை இடிக்கும்.”

வண்டிக்குள்ளிருந்த செம்மண் பொம்மை சிரித்தது.

மறுநாள் காலையில் கல்யாணம் அமோகமாக நடந்தது. முக்காலி தேவைப்படவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து பெண்வீட்டார் விடைபெறும் நேரம் வந்தது. துளசாத்தாளைக் கட்டிக்கொண்டு நாச்சிமுத்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மாராத்தாள் அழுதாள். சென்னியப்பன், குப்புசாமி, பெருக்கினவர்கள், வகுத்தவர்கள் எல்லாரும் அழுதார்கள்.

வண்டியைப் பூட்டப் போன குப்புசாமியை மணியகாரர் நிறுத்தினார். கல்லின் பின்பக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“நம்ம ஊருக்கு எவ்வளவு தூரமுன்னு இதுல ஒண்ணுமே போடலையே.”

“ஒண்ணுமே இல்லீங்களா?” என்றார் நாச்சிமுத்து.

“ஒண்ணுமே இல்ல. தூரமே இல்லாத ஊருக்கு மாடு எதுக்கு?”

மாட்டைத் திரும்பக் கொண்டுபோய்க் கட்டினார்கள். எல்லாரும் பூட்டாத வண்டியில் நெருக்கியடித்து ஏறினார்கள். நாச்சிமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்ற மகளைப் பார்த்துக் கையசைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மணியகாரர், “வந்தாச்சு, எறங்குங்க” என்றார். இறங்கினார்கள்.

வாசலில் துளசாத்தாளும் தெய்வசிகாமணியும் நின்றுகொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து ஆனந்தத்தோடு மகளிடம் ஓடினார்.

“கண்ணு! எங்களுக்கு முன்னாலயே மறுவீட்டுக்கு வந்துட்டீங்களா! மாராத்தா, அங்க என்ன பார்த்துட்டு நிக்கறே? ஓடிப்போய் அடுப்பைப் பத்த வை, மாப்பிள்ளைக்கு விருந்து வைக்கோணும்!”

மாராத்தாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே ஓடினாள். சமையற்கட்டில் சுப்பராயனின் மனைவி பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். “நீங்க விருந்தாளி, இந்த வேலையெல்லாம் செய்யலாமா?” என்று மாராத்தாள் அவள் கையிலிருந்த கரண்டியை அன்போடு பிடுங்கிக்கொண்டாள்.

சுப்பராயன் தன் வீட்டு வாசலிலேயே நின்றார். நாச்சிமுத்து போய் அவர் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்தார்.

“ஏனுங்க சம்பந்தி, கூச்சப்படறீங்க? இதை உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க.”